ஸ்னோபெல் மொட்டுகளும் ஒரு கலியாண மாலையும்

பாத்திரங்களை மூடியிருந்த ஈர வேட்டியின் ஓரத்தை ஒரு விரலால் தூக்கி, மனோன்மணி உள்ளே பார்த்தார்.

சமையலறை மேசையில் மூன்று பாத்திரங்கள் இருந்தன. அரிசி களையும் பேசின், மா குழைக்கும் சட்டி, விருந்தினர் வரும்போது மட்டும் அலுமாரியிலிருந்து இறங்கும் கண்ணாடிக் கிண்ணம். மூன்றும் விளிம்பு வரை வெள்ளை மொட்டுகளால் நிறைந்திருந்தன. ஒவ்வொரு மொட்டும் ஒரு நல்ல முத்தின் அளவு. ஒவ்வொன்றுக்கும் நீண்டு மெலிந்த பச்சைக் காம்பு. நானும் நண்பர் அருளம்பலமும் இரண்டு மணி நேரம் நின்று பறித்தவை அவை.

அது ஆனி மாதத்து வெள்ளிக்கிழமை. ரொறன்ரோவில் இரவு எட்டு மணிக்கும் வெயில் வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கும் காலம். வேலை முடிந்து பஸ்ஸில் வந்து இறங்கிய மனோன்மணி, கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு எங்கள் சிறு வட்டத்தில் ஒரு கலியாணம். மணமகளின் மாலைக்குப் பூத் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தவர் என் மனைவி மனோன்மணிதான். அவருடைய சுமையைக் குறைத்துவிட்டோம் என்ற திருப்தியோடு நாங்கள் இருவரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். ஒரு பாராட்டு வரும் என்று நான் எதிர்பார்த்திருந்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

“இது மல்லிகை இல்லை,” என்றார் மனோன்மணி.

வேட்டியை முன்பு இருந்தபடியே மூடினார். பின்கதவைத் திறந்து தோட்டத்துக்குள் இறங்கினார்.

அருளம்பலம் கோப்பையை மேசையில் வைத்தார். “என்ன ஐசே, பிழைச்சுப்போச்சோ?”

“விடிய விரியும்,” என்றேன்.

காங்கிரீட் எத்தனை நாளில் இறுகும் என்பதைக் கணித்துச் சொல்லி ஊதியம் பெற்றவன் நான். பாலங்களின் தூண்களைப் பற்றி இங்கிலாந்தில் ஆய்வு செய்து பட்டம் வாங்கியவன். மொட்டு விடியற்காலையில் விரியும் என்பதில் எனக்கு ஐயமே இருக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்த எவருக்கும் இருந்திராது. மாலையில் மொட்டாகப் பறித்து, ஈரத்துணியில் வைத்து, தொடுத்து முடித்தால், காலையில் மல்லிகை தானாக மலர்ந்து நிற்கும். விரிந்த பூவைத் தொடாமல் விட்டுவிட்டு மொட்டை மட்டும் கிள்ளுவதுதான் எங்கள் கைகளுக்குத் தெரிந்த ஒழுங்கு. அன்று மாலையும் எங்கள் கைகள் அந்த ஒழுங்கிலிருந்து பிசகவில்லை.

யன்னலால் பார்த்தேன். மனோன்மணி இரண்டு மரங்களையும் சுற்றி வந்தார். நாங்கள் எட்டிப் பறித்த உயரம் வரைக்கும் கிளைகளைக் கையால் தாழ்த்திப் பார்த்தார். பிறகு தலையை உயர்த்தி, எங்களுக்கு எட்டாத கிளைகளை நெடுநேரம் பார்த்தார். உள்ளே வந்து, கைகழுவி, அடுப்பில் சோற்றை வைத்தார்.

“காலமை அஞ்சு மணிக்கு எழும்புங்கோ,” என்றார் என்னிடம். “உங்கடை குடையையும் எடுத்துக்கொண்டு வாங்கோ.”

வானத்தில் ஒரு மேகமும் இல்லை. நான் காரணம் கேட்கவில்லை.

பூ இல்லாத ஊர்

இன்று ரொறன்ரோவின் ஸ்காபரோவில் தெருவுக்கொரு பூக்கடை என்று சொல்லலாம். விமானத்தில் வந்த மல்லிகையைக் குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்து, முழம் போட்டுத் தருகிறார்கள். எழுபதுகளைப் பற்றி நான் சொல்லும்போது இளையவர்கள் மரியாதைக்காகத் தலையை ஆட்டுகிறார்கள், நம்புவதில்லை.

அப்போது இங்கே கிடைத்த பூ கார்னேஷன். அது கிடைத்தாலும் மாலை கட்டத் தெரிந்தவர் இல்லை. ஆகவே எங்கள் வட்டத்தின் கலியாணங்கள் அனைத்துக்கும் ஒரு சோடி பிளாஸ்டிக் மாலை இருந்தது. யாரோ ஒருவர் சூட்கேஸில் மடித்துக் கொண்டுவந்தது. கலியாணம் முடிந்ததும் சவர்க்காரத் தண்ணீரில் அலசி, நிழலில் காயவைத்து, அடுத்த வீட்டுக்குக் கைமாறும். மூன்று சோடிகளை அது சேர்த்து வைத்திருந்தது. புகைப்படங்களைப் பார்த்தால், மணமக்கள் மாறுவார்கள், மாலை மாறாது.

அந்த ஆனி மாதத்து மணமகள் யோகராணி. இங்கே ஒரு மருத்துவமனையில் தாதியாக இருந்த பெண். பெற்றோர் ஊரில், வர வழியில்லை. ஞாயிறு தோறும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவாள். கலியாணப் பேச்சு எழுந்தபோதெல்லாம் எல்லாவற்றுக்கும் சரி சரி என்றாள். கூறைச்சேலை எந்த நிறம் என்றாலும் சரி. மண்டபம் பாடசாலை மண்டபம் என்றாலும் சரி. ஒரு நாள் பாத்திரம் துடைத்துக்கொண்டு நின்றபோது மட்டும் சொன்னாள்:

“அக்கா, வேற ஒண்டும் நான் கேக்கமாட்டன். அந்தப் பிளாஸ்ரிக் மாலையை மட்டும் என்ரை கழுத்தில போடாதேங்கோ.”

மனோன்மணி திரும்பியும் பார்க்கவில்லை. “நீ யோசியாதை. பூ நான் தாறன்.”

அவர் வாக்குக் கொடுப்பது அரிது. கொடுத்தது அவருக்கு எவ்வளவு பெரியது என்பதை விளங்கிக்கொள்ள, அவர் இங்கே என்னவாக இருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் பதினொரு ஆண்டுகள் தாவரவியல் படிப்பித்தவர் மனோன்மணி. கையில் வெண்கட்டியோடு அவர் வகுப்புக்குள் நுழைந்தால் கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளைகூட அசையாது என்று அவருடைய பழைய மாணவிகள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ரொறன்ரோவுக்கு வந்ததும் ஆசிரியப் பணிக்கு விண்ணப்பித்தார். முதலிலிருந்து படித்து வரும்படி ஒரு கடிதம் வந்தது. அந்தக் கடிதத்தை மடித்து அகராதிக்குள் வைத்துவிட்டு, சவர்க்காரக் கட்டிகளைப் பெட்டியில் அடுக்கும் வேலைக்குப் போனார். நின்றபடி செய்யும் வேலை. ஒரு நாளும் குறை சொல்லவில்லை.

இந்த நாட்டில் தாவரத்தைப் பற்றி அவரிடம் ஒருவரும் ஒரு கேள்வி கேட்டதில்லை. கேட்காதவர்களுள் நானும் அடக்கம்.

மூன்று கன்றுகள்

இந்தப் பத்தியில் சென்ற வாரம் நாங்கள் வீடு வாங்கிய கதையை எழுதியிருந்தேன். அந்த வீட்டின் பின்புறம் களிமண். காய்ந்தால் ஓடுபோல் வெடிக்கும், நனைந்தால் காலிலுள்ள சப்பாத்தைப் பிடித்துக்கொள்ளும். அதில் என்ன நடுவது என்று மனோன்மணி ஓராண்டு முழுவதும் ஒன்றும் நடாமல் யோசித்தார்.

அடுத்த வசந்தத்தில், ஒஷாவாவுக்குப் போகும் வழியில், ஒரு கிழவரின் கன்றுத் தோட்டத்தில் காரை நிறுத்தச் சொன்னார். ஒரு மூலையில் இடுப்பளவு உயரத்தில் மூன்று கன்றுகள் கவனிப்பாரற்று நின்றன. கிழவர் கைகளை விரித்தார். ஸ்னோபெல், ஜப்பான் பக்கத்து மரம், அழகான பூ, ஆனால் இங்கத்தைய மாரிக் குளிருக்கு நிலைக்காது, நானும் விற்பதை நிறுத்திவிட்டேன் என்றார். மனோன்மணி அதன் லத்தீன் பெயரைக் கேட்டார். கிழவர் மூக்குக்கண்ணாடியைத் தேடிப்போட்டுக்கொண்டு அட்டையைப் படித்தார். ஸ்டைராக்ஸ். மூன்றையும் வாங்கிவந்தோம். அன்றிலிருந்து கடைசி வரைக்கும் மனோன்மணி அந்த மரத்தை வேறு பெயரால் அழைக்கவில்லை. நான் ஸ்னோபெல் என்றால் திருத்துவார்.

மூன்று கன்றில் ஒன்றைக் கொன்றது அவரேதான். இதை எழுதினால் கோபிக்கமாட்டார். தன் தவறுகளைத் தேதி போட்டுக் குறித்து வைத்த மனிதர் அவர். முதல் மாரிக்குப் பயந்து, ஒரு கன்றைத் தொட்டியோடு நிலவறைக்குக் கொண்டுபோய் வீட்டைச் சூடாக்கும் வெப்பச் சூளைக்குப் பக்கத்தில் வைத்தார். தை மாதம் அது துளிர்த்தது. கொண்டாடினோம். மாசியில் கருகியது. வெளியே பனியில் விறைத்து நின்ற இரண்டும் சித்திரையில் கண் திறந்தன.

“அதுக்குக் குளிர் வேணும்,” என்றார் மனோன்மணி, செத்த கன்றைப் பிடுங்கியபடி. “குளிருக்குப் பயம் எங்களுக்குத்தான். அதை மரத்தின்ரை தலையில கட்டிப்போட்டன்.”

அதன் பிறகு அவர் செய்த ஒவ்வொன்றும் அந்த மரத்தைப் பார்த்துச் செய்தது. இலை மஞ்சளிக்கத் தொடங்கியபோது, களிமண்ணின் சுண்ணாம்பு அதற்கு ஒத்துவரவில்லை என்று கண்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் ரூஜ் ஆற்றோரக் காட்டுக்குப் போய், பைன் மரத்தடியில் சருகு அள்ளி, சாக்கில் கட்டிக் காரின் பின்பெட்டியில் வைப்போம். அந்தக் கார் விற்கப்படும் வரை பைன் மணத்தது. வீட்டில் குடித்த தேநீரின் சக்கை ஒரு கரண்டிகூடக் குப்பைக்குப் போனதில்லை.

வேருக்குச் சருகு, வடகாற்றுக்குச் சாக்குத் துணி. சாக்குப் போதாத ஒரு மாரியில் என்னுடைய பழைய ஓவர்கோட்டை ஒரு மரத்துக்குப் போர்த்திப் பொத்தானும் போட்டுவிட்டார். அயல்வீட்டுச் சீமாட்டி வேலிக்கு மேலால் எட்டி, உங்கள் கணவர் ஏன் இவ்வளவு நேரமாக வெளியில் நிற்கிறார் என்று விசாரித்தாராம். அவர் உள்ளே இருந்தாலும் அப்பிடித்தான் நிற்பார் என்று பதில் சொன்னதாக மனோன்மணி என்னிடம் கூறினார். சொன்னாரா, எனக்காக இட்டுக்கட்டினாரா என்று கடைசி வரை தெரியவில்லை.

கலியாணத்துக்கு முந்திய ஆண்டில் முதற்பூ வந்தது. இரண்டு மரங்களிலும் சேர்த்து ஒரு கை நிறையும் அளவு. மனோன்மணி வேலைக்குப் போகுமுன் அரைமணி நேரம் கொப்பியும் பென்சிலுமாக மரத்தடியில் நிற்பார். என்ன எழுதுகிறார் என்று நான் பார்க்கவில்லை. மறு ஆண்டு, யோகராணிக்கு நாள் குறித்த ஆனியில், இரண்டு மரங்களும் கிளை தெரியாமல் மொட்டு வைத்தன.

அந்த மரங்கள் இன்றும் நிற்கின்றன. இந்த ஆண்டு பூத்ததை நான் ஒருவன் மட்டும் பார்த்தேன். மனோன்மணி போய் இது ஆறாவது மாதம்.

குடையின் உபயோகம்

சனிக்கிழமை காலை ஐந்து மணிக்குச் சமையலறைக்கு வந்து, முதல் வேலையாக வேட்டியைத் தூக்கிப் பார்த்தேன்.

ஒன்றும் விரியவில்லை. மூடிய மொட்டுகள் மூடியபடியே ஓரம் பழுத்து, ஊறிப் புளித்த நெல்லைப்போல் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. மேலே தெளித்த தண்ணீர் அடியில் மங்கலான நீராகத் தேங்கியிருந்தது. ஒரு மொட்டை எடுத்து நகத்தால் பிரித்தேன். உள்ளே எல்லாம் ஒழுங்காக இருந்தது. மலரும் எண்ணம் மட்டும் இல்லை.

குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனேன்.

இரண்டு மரங்களின் கீழும் மனோன்மணி படுக்கைவிரிப்புகளை விரித்திருந்தார். குடையை வாங்கி, விரித்து, தலைகீழாகத் திருப்பி, கைப்பிடியை ஒரு கிளையில் கொளுவினார். லண்டனில் வாங்கிய கறுப்புக் குடை. அது வானத்தைப் பார்த்துத் திறந்து தொங்கியது. பிறகு என்னை அசையாமல் நிற்கச் சொன்னார்.

நின்றேன். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. சிறிது நேரத்தில் குடைத்துணியில் ஒரு மெல்லிய தட்டல். பிறகு விரிப்பில் ஒன்று. பிறகு இரண்டு. நாங்கள் பறிக்காமல் விட்ட, ஏற்கெனவே விரிந்திருந்த பூக்கள் ஒவ்வொன்றாகக் கழன்று, இதழ் குலையாமல், முழுதாக இறங்கிக்கொண்டிருந்தன.

மனோன்மணி ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். ஐந்து வெள்ளை இதழ். நடுவில் வட்டமாக மஞ்சள் கேசரங்கள். அவற்றின் மையத்தில், ஊசியால் குத்தியதுபோல் ஒரு துளை. பிறகு அதே பூ கழன்ற கிளையைத் தாழ்த்தி, என் கைக்கு மேலே பிடித்தார். காம்பின் நுனியில் சின்னப் பச்சைக் கிண்ணம். அதன் நடுவிலிருந்து ஒரு வெள்ளை நூல் நீண்டிருந்தது. அந்த நூல் இருந்த இடம்தான் பூவிலுள்ள துளை.

“பூ கழண்டிட்டுது. சூலகம் மரத்திலயே நிக்குது. இனி அது காய்க்கும்,” என்றார். “விழுற பூவை எடுத்தால் மரத்துக்கு ஒரு நட்டமும் இல்லை. ஊசி போக ஓட்டையும் அதுவே வைச்சுத் தருது.”

நாங்கள் கிள்ளிய மொட்டோடு காயும் போயிற்று என்பதை அவர் சொல்லவில்லை. தாழ்ந்த கிளைகள் வெறுமையாக என் முகத்துக்கு நேரே நின்றன.

உள்ளே போய்க் குளிர்ப்பெட்டியைத் திறந்து இரண்டு மாஜரின் டப்பாக்களை எடுத்து வந்தார். மிஞ்சிய கறி என்று நான் மூன்று நாளாக ஒதுக்கி ஒதுக்கி வைத்தவை. மூடியைத் திறந்தார். ஈரத்துணியின் கீழே, முந்திய மூன்று காலைகளில் விழுந்த பூக்கள், அப்போதுதான் விழுந்தவைபோல் இருந்தன. பாதி மாலை அதற்குள் இருந்தது. மீதிப் பாதி இன்று விழ வேண்டும். அதுவே அவருடைய திட்டம், வாக்குக் கொடுத்த நாளிலிருந்து.

“இதை முதலே சொல்லியிருக்கலாமே,” என்றேன்.

“சொல்லியிருக்கலாம். நீங்கள் கேக்கேல்லை. பறிக்க முன்னமும் கேக்கேல்லை, பறிச்சாப்பிறகும் கேக்கேல்லை.”

குரலில் கோபம் இருக்கவில்லை. இருந்திருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

அருளம்பலத்தின் ஆட்சேபம்

ஆறரை மணிக்கு அருளம்பலம் வந்தார். அவர் தொழிலால் கணக்காளர். ஆனால் ஐயர் இல்லாத அந்த ஊரில், தேவாரமும் முறையும் பிசகாமல் தெரிந்தவர் அவர் ஒருவரே என்பதால், எங்கள் கலியாணங்களை நடத்தி வைப்பவரும் அவரே. பட்டு வேட்டியும் சால்வையுமாக வந்தவர், விரிப்பில் மனோன்மணி இருந்து பூக் கோப்பதைக் கண்டு படியிலேயே நின்றுவிட்டார்.

“தங்கச்சி, குறை நினையாதேங்கோ. விழுந்த பூவிலையோ மாலை? அதுவும் மணவறைக்கு?”

மனோன்மணி ஊசியை நிறுத்தவில்லை. “பவளமல்லியை நிலத்தில பொறுக்கித்தானே சாமிக்கு வைக்கிறனாங்கள், அண்ணை?”

“அது பவளமல்லி. அதுக்கு விலக்கு இருக்கு.”

“அந்த விலக்கை ஆர் சொன்னது? அந்த மரத்துக்குக் கீழை நிண்டு பாத்த ஒராள்தானே.”

அருளம்பலம் யோசித்தார். அவருக்கும் யோகராணி மகள்போல. பிளாஸ்டிக் மாலை அவருடைய காரின் பின் இருக்கையில், ஒருவேளை தேவைப்படலாம் என்று, தயாராகக் கிடந்தது. ஒரு வழி கண்டுபிடித்துவிட்ட முகத்தோடு நிமிர்ந்தார்.

“சரி. விரிப்பிலதானே விழுந்தது? நிலத்தில படேல்லை. அப்ப அது விழுந்த கணக்கில வராது.”

நான் உடனே ஆமோதித்தேன். இரண்டு படித்த ஆண்கள் அதோடு பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தோம்.

மனோன்மணி ஊசியை வைத்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தார்.

“இல்லை அண்ணை. விழுந்த பூதான். அதை மறைக்க வேண்டாம். இது மரம் தானாத் தந்தது. நாங்கள் பறிச்சது மேசையில மூண்டு சட்டியில இருக்கு. உள்ளை போய் அதைப் பாருங்கோ. பாத்திட்டு வந்து சொல்லுங்கோ, எது மணவறைக்கு ஆகும் எண்டு.”

அருளம்பலம் உள்ளே போனார். திரும்பி வரச் சற்று நேரம் எடுத்தது. வந்தவர் சால்வையை மடித்து வேலியில் போட்டார், சப்பாத்தைக் கழற்றினார், விரிப்பின் ஓரத்தில் சம்மணமிட்டு அமர்ந்தார்.

“ஊசி இன்னொண்டு இருக்கோ?” என்று கேட்டார்.

ஒரு சாண் குறை

ஏழரை மணிக்கு டப்பாக்களும் விரிப்பும் குடையும் வெறுமையாகிவிட்டன. மாலையை மனோன்மணி தன் தோளில் வைத்து அளந்தார். ஒரு சாண் போதாது. மரத்தின் உச்சியில் விரிந்த பூக்கள் நிறைய இருந்தன, ஒன்றும் இறங்கவில்லை. பத்து மணிக்கு முகூர்த்தம். மண்டபத்துக்கு அரைமணி நேர ஓட்டம்.

நான் எழுந்து ஒரு கிளையைப் பிடித்தேன். ஓர் உலுக்கு உலுக்கினால் போதும். மனோன்மணி என் மணிக்கட்டைப் பிடித்தார். பிடி மென்மையாகத்தான் இருந்தது, ஆனால் விடவில்லை.

“உலுக்கினால் விழ ஆயத்தமில்லாததும் கிழிஞ்சு விழும். வெய்யில் வரட்டும்.”

வெயில் அயல்வீட்டுக் கூரைக்கு அப்பால் நின்றது. அருளம்பலம் கடிகாரத்தைப் பார்த்தார்; மனோன்மணி தன்னைப் பார்ப்பதைக் கண்டு அதைச் சட்டைக் கைக்குள் மறைத்தார். மூவரும் மரத்தடியில் இருந்தோம். என் வாழ்க்கையில் பல பாலங்களுக்கு முதற்பாரம் ஏற்றும்போது கீழே நின்றிருக்கிறேன். அன்று காலை போல் ஒரு நாளும் இமைக்காமல் அண்ணாந்து பார்த்ததில்லை.

வெயில் கூரையைத் தாண்டி உச்சிக் கிளைகளைத் தொட்டது. இரவின் பனி ஆவியாகத் தொடங்கியது. அதன் பிறகு, யாரும் தொடாமல், காற்றும் இல்லாமல், பூக்கள் வரத் தொடங்கின. குடையில், விரிப்பில், அருளம்பலத்தின் வழுக்கைத் தலையில். அவர் தலையிலிருந்து ஒன்றை எடுத்து மனோன்மணியிடம் நீட்டினார். மனோன்மணி அதையும் கோத்தார்.

அந்த ஆண்டு மேற்கிளைகளில் மட்டும் காய்த்தது. அந்த வித்துகளை இரண்டு மாரி மண்ணுக்குள் உறங்கவிட்டு அவர் ஏழு கன்று எழுப்பியது வேறொரு கதை. அதில் எனக்குச் சாக்குக் கட்டும் பங்கு மட்டுமே.

மண்டபத்தில்

பாடசாலை மண்டபத்தில் தீ வளர்க்க அனுமதி இல்லை. அலுமினியத் தட்டில் ஒரு கற்பூரம். பக்கத்தில் தீயணைக்கும் சிலிண்டரைக் கட்டிப்பிடித்தபடி பாடசாலைக் காவலர். மணமகனுக்கு யாரோ ஒருவாறு கோத்த கார்னேஷன் மாலை. யோகராணியின் கழுத்தில் எங்கள் வீட்டு மாலை. அது அவள் மூச்செடுக்கும்போதெல்லாம் சிறிது அசைந்தது. எல்லோரும் மணமக்களைப் பார்த்தார்கள். மனோன்மணி மாலையின் முடிச்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாலி கட்டி முடியும் வரை ஓர் இதழ் உதிரவில்லை.

காரின் பின் இருக்கையில் கிடந்த பிளாஸ்டிக் மாலையை யாரும் கேட்கவில்லை.

சாப்பாட்டு வேளையில், கோயம்புத்தூரிலிருந்து வந்து இங்கே வேலை பார்த்த ராமநாதன் என்ற பொறியாளர் என்னிடம் வந்தார். எனக்குத் தொழில்முறைப் பழக்கம்.

“சார், அது என்ன பூ சார்? நந்தியாவட்டைன்னு நெனச்சேன், கிட்ட வந்து பாத்தா இல்ல. நீங்க வளக்கிறதாமே?”

இப்படியான கேள்விகளுக்கு என்னிடம் ஒரு விடை எப்போதும் உண்டு. ஓம், நாங்கள் வளர்க்கிறோம் என்று தொடங்கி, களிமண்ணையும் சுண்ணாம்பையும் பற்றி, மனோன்மணி எனக்குச் சொன்னதை என் குரலில் சொல்வேன். பல வீடுகளில் சொல்லியிருக்கிறேன். அவர் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டும் இருந்திருக்கிறார்.

“எனக்குப் பறிக்க மட்டும்தான் தெரியும்,” என்றேன். “அதுவும் பிழையாய். அவவைக் கேளுங்கோ. மரம் அவவின்ரை.”

மனோன்மணி கையில் சாப்பாட்டுத் தட்டோடு நின்றார். என்னை ஒரு கணம் பார்த்தார். தட்டை யன்னல் விளிம்பில் வைத்தார். கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, கைப்பைக்குள்ளிருந்த ஒரு பூவை எடுத்தார்.

ராமநாதன் ஒருவருக்குத்தான் சொல்லத் தொடங்கினார். பிறகு யோகராணியின் தோழிகள் இருவர் வந்தார்கள். பிறகு அருளம்பலம். நான் இடம் விட்டுக் கடைசி வரிசைக்கு நகர்ந்தேன். கலியாண அழைப்பிதழின் பின்பக்கத்தில் மனோன்மணி பேனையால் பூவைப் பிளந்து வரைந்தார். இதழ், கேசரம், பச்சைக் கிண்ணம், நூல். குரல் மாறிவிட்டது. இந்த நாட்டில் நான் கேட்டிராத குரல். மண்டபத்தின் கடைசி வரிசைக்கும் அது போய்ச் சேர்ந்தது. மணவறையிலிருந்த யோகராணிகூடத் தலையைத் திருப்பினாள். யன்னல் விளிம்பில் சோறு ஆறிக்கொண்டிருந்தது.

வரைந்து முடித்ததும் அழைப்பிதழை உயர்த்திப் பிடித்தார்.

“அப்ப சொல்லுங்கோ பாப்பம். பூ விழுந்திட்டுது. மரத்தில என்ன மிச்சம்?”

அருளம்பலம் தன் சால்வையைச் சரிசெய்தார். ராமநாதன் உதவிக்கு என்னைப் பார்த்தார்.

எனக்கு விடை தெரியும். ஆனால் மனோன்மணி அவசரப்படவில்லை. அவருடைய பார்வை ஒவ்வொரு முகமாக, முறைப்படி, வந்துகொண்டிருந்தது. நான் கடைசி வரிசையில் ஒரு கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு, என் முறை வரும் வரை நிமிர்ந்து நின்றேன்.